‘ஜாயின் பண்ணிட்டு வாங்க, டீச்சர்!’

சிவகிரியில் வேலைக்குப் போகும் ஒரு பெண், பிள்ளை பெற்று வீட்டில் இருக்கும் நாளில் வீட்டுக்கடன் பற்றி வாய் திறந்தால் போதும், ஊரே யோசனை சொல்லும். மனைத் தரகர் சொல்வார், கடன் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் சொல்வார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சொல்வார், மாமியாரும் சொல்வார். எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: “பேறுகால லீவுல இருக்கும்போது பேங்குக்குப் போகாதீங்க டீச்சர். டூட்டில ஜாயின் பண்ணி, மூணு மாசச் சம்பளச் சிலிப்பு வந்த பொறவு போங்க. அவசரம்னா சார் பேருல போட்டுருங்க.” வங்கி மேசைக்குப் போனால் அங்கேயும் இதையே கொஞ்சம் மரியாதையாகச் சொல்வார்கள்: “மேடம், ஜாயின் பண்ணிட்டு வாங்களேன், ஈசியா முடிச்சிரலாம்.”

சொல்கிறவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அதனாலேயே இந்த யோசனையை யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. அனுபவம் பேசுகிறது என்று தலையாட்டிவிட்டுப் போகிறோம். கணக்காகப் பார்த்தாலும் சட்டமாகப் பார்த்தாலும் இந்த யோசனை தப்பு என்பது என் வாதம். இதனால் வரும் நட்டம் முழுவதும் அந்தப் பெண் தலையில் விழுகிறது. வங்கிக்கு ஒரு காசு லாபம் கிடையாது.

முதலில் நம் ஊர் நிலவரம். ஒரு காலத்தில் சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த சிவகிரி இன்று தனி வட்டத்தின் தலைமையிடம். 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் வந்தது. சம்பளம் வாங்கும் பெண்களை இங்கே மூன்று வகையாகப் பிரிக்கலாம். பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா ஆபீஸ் என்று அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஒரு வகை. ராஜபாளையத்து மில்லுக்கோ, நைட்டிக்குப் பேர்போன தளவாய்புரத்துத் தையல் கம்பெனிகளுக்கோ போய்வருகிறவர்கள் இன்னொரு வகை. விசைத்தறி, பீடி, எலுமிச்சைத் தோட்டம், வயல் என்று கூலிக்குப் போகிறவர்கள் மூன்றாவது வகை. மூவருடைய நிலைமையும் வேறு வேறு. ஊர் சொல்லும் யோசனையோ மூவருக்கும் ஒன்று.

ஊர் சொல்லும் முதல் காரணம்: “லீவுல இருக்கிறவங்களுக்குச் சம்பளம் ஏது?” இது உண்மையே இல்லை. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 2011-ல் ஆறு மாதமாகவும், 2016-ல் ஒன்பது மாதமாகவும், 2021 ஜூலை 1 முதல் பன்னிரண்டு மாதமாகவும் ஆனது. பன்னிரண்டு மாதமும் சம்பளத்தோடுதான். விடுப்பில் இருக்கும் ஓர் ஆசிரியையின் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். அடிப்படை ஊதியம் ஒரு வரி, அகவிலைப்படி ஒரு வரி. அகவிலைப்படி உயர்ந்தால் அந்த மாதம் அதுவும் ஏறியிருக்கும். கீழே பிடித்தங்கள்: ஓய்வூதியப் பங்களிப்பு, மருத்துவக் காப்பீடு, குடும்பப் பாதுகாப்பு நிதி. அவர் விடுப்பில் இருக்கிறார் என்பதற்காக எந்தப் பிடித்தமும் நின்றுபோகவில்லை. பிடிக்கிற கைக்கு அவர் ஊழியராகத் தெரிகிறார். கடன் கொடுக்கிற கைக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? அதோடு, 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின், மகப்பேறு விடுப்புக் காலம் தகுதிகாண் பருவத்திலும் கணக்கில் சேரும் என்று அறிவித்தார். வேலையில் இருக்கிறாரா என்று அளந்து பார்க்கும் பருவத்திலேயே இந்த விடுப்பைப் பணிக்காலமாக ஏற்க அரசு முன்வந்த பிறகு, வங்கி மட்டும் வேறொரு அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறது.

மில்லில் வேலை பார்ப்பவருடைய கதை வேறு மாதிரி. அவர் இ.எஸ்.ஐ. சந்தாதாரர் என்றால், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரம்புக்குள் இருந்திருக்கும். பிரசவ காலத்தில் அவருக்குப் பணம் தருவது மில் முதலாளி அல்ல, இ.எஸ்.ஐ. கழகம். உரிய சந்தா நாட்கள் இருந்தால் 26 வாரத்துக்குச் சராசரி தினக்கூலி முழுதாகவே வருகிறது. ஆனால் அது மில்லின் சம்பளச் சீட்டில் ஏறாது. அந்த மாதங்களுக்குச் சீட்டே இருக்காது, இருந்தாலும் சுழி போட்டிருக்கும். பாஸ்புக்கில் மட்டும் இ.எஸ்.ஐ. பெயரில் வரவு விழுந்திருக்கும். வங்கியில் உட்கார்ந்திருப்பவர் சம்பளச் சீட்டை மட்டும் புரட்டிப் பார்த்து “மூணு மாசமா வருமானம் இல்லையே மேடம்” என்கிறார். பாஸ்புக் அவருடைய வங்கியுடையதாகவே இருக்கும். வரவு வைத்ததும் அவர்கள் கம்ப்யூட்டர்தான். வருமானம் வந்திருக்கிறது, வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வாசலைப் பார்க்கும் பழக்கம் இல்லாததற்கு அந்தப் பெண்ணா பிணை?

இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேலே சம்பளம் வாங்கும் தனியார் ஊழியருக்கு 1961-ம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் இருந்தது. 2017-ல் திருத்தப்பட்ட பிறகு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வார விடுப்பு. முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். விடுப்புக் காலத்தில் சராசரி தினச் சம்பளத்தை நிறுவனம் கொடுக்க வேண்டும். விடுப்பில் இருப்பதைக் காரணம் காட்டி வேலையைவிட்டு நீக்குவதும், வேலை நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதம் என்று அதே சட்டத்தின் 12-ம் பிரிவு சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இந்த உரிமைகளை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆக, சம்பளமும் உண்டு, திரும்பிப் போக வேலையும் உண்டு, இரண்டுக்கும் சட்டத்தின் காவலும் உண்டு. இதற்குப் பெயர் வருமானம் இல்லாத நிலை என்றால், வருமானம் உள்ள நிலை எது?

இந்த முதல் காரணம் எடுபடாமல் போனதும் இரண்டாவது காரணம் வரும். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் வரும். “பிள்ளை பிறந்த பொறவு வேலைக்குத் திரும்பி வருவாங்களான்னு எப்படிச் சொல்ல முடியும்?” உண்மையான காரணம் இதுதான். சம்பளச் சீட்டெல்லாம் இதை மறைக்கும் திரை.

இதற்கு நேராகவே பதில் சொல்லலாம். பிள்ளை பிறந்ததும் வேலையை விடும் பெண்கள் இருக்கிறார்கள். இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல், ஷிப்ட் ஒத்துவராமல், போக்குவரத்துக்கே பாதி நாள் போய், விட்டவர்கள் நம் தெருவிலேயே உண்டு. ஆனால் வங்கியின் முன்னால் உட்கார்ந்திருப்பது ‘பெண்கள்’ என்ற கூட்டம் அல்ல. வேலை, சர்வீஸ், சேமிப்பு எல்லாம் தாளில் உள்ள ஒரு பெண். ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி, பட்டியலில் பேர் வர ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அரசுப் பள்ளி வேலைக்கு வந்த ஒருத்தி, பிள்ளை பிறந்த கையோடு அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போவாள் என்று நினைப்பவருக்கு நம் ஊரில் அரசு வேலையின் மதிப்பு தெரியவில்லை என்று அர்த்தம். அதைவிட, மாதாமாதம் கட்ட வேண்டிய வீட்டுத் தவணை தன் பேரில் இருப்பதே ஒருவர் வேலைக்குத் திரும்புவதற்கு வலுவான காரணம். கடனைக் கேட்பவளிடம் “நீ வேலையை விட்டுவிடுவாய்” என்று சொல்வது, பொறுப்பை ஏற்க வந்தவளைப் பார்த்துப் பொறுப்பில்லாதவள் என்று சொல்வதற்குச் சமம்.

ஆண்களிடம் இந்தக் கேள்வி வருகிறதா? முப்பது வயது மில் சூப்பர்வைசர் ஒருவர் கடன் கேட்கிறார். அடுத்த வருஷம் அவர் வேலையை விட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போகலாம், அங்கிருந்து வெறுங்கையோடு திரும்பலாம், கூட்டாளியோடு சேர்ந்து ஏஜென்சி எடுத்து நொடித்துப் போகலாம், குடிக்கலாம், வண்டியில் விழலாம். இவை எல்லாம் நடப்பவைதான். இவற்றில் எதையும் வங்கி முன்கூட்டி ஊகித்து அவருடைய வருமானத்தைச் சுழியாக்குவதில்லை. இன்றைக்கு வேலை இருக்கிறதா, சம்பளம் எவ்வளவு என்று பார்த்து முடித்துவிடுகிறது. அதே மரியாதையைத்தான் பெண்ணும் கேட்கிறாள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கடன் கொடுப்பவரைப் பயமுறுத்துவது எது? எப்போது வரும், எவ்வளவு நாள் நீடிக்கும் என்று தெரியாத வருமான இழப்பு. மாரடைப்புக்குத் தேதி கிடையாது. மில் மூடுவதற்கும் தேதி கிடையாது. மகப்பேறு விடுப்புக்கோ தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் அலுவலக முத்திரையோடு ஆணையில் இருக்கின்றன. ஓர் ஊழியரின் வாழ்க்கையில் வரும் இடைவெளிகளில் முன்கூட்டியே முழுதாகத் தெரிந்த இடைவெளி இது ஒன்றுதான். இருபது வருடக் கடனுக்கு 240 தவணை. 26 வார விடுப்பு அதில் ஆறு தவணைக்குச் சமம்; அந்த ஆறு மாதத்துக்கும் சம்பளம் உண்டு. இதை ஆபத்து என்று பார்க்கிறவர் மற்ற 234 மாதத்தை எந்தத் தைரியத்தில் கணக்குப் போடுகிறார்?

சிவகிரி மாதிரி ஊரில் வங்கியின் இந்த வாதம் இன்னும் நொண்டுகிறது. இங்கே பெரும்பாலானோர் சென்னைக்காரர்போல் கட்டிமுடித்த அபார்ட்மென்ட் வாங்குவதில்லை. சொந்த மனையில் கட்டுகிறார்கள். கட்டுமானக் கடன் ஒரே தொகையாக வருவதும் இல்லை. கடைக்கால் முடிந்தால் ஒரு பகுதி, லிண்டல் மட்டம் வந்தால் ஒரு பகுதி, ரூஃப் காங்கிரீட் போட்டால் ஒரு பகுதி, பூச்சு வேலைக்கு மிச்சம் என்று படிப்படியாக வரும். அதுவரை பொதுவாக வாங்கிய தொகைக்கு வட்டி மட்டும் கட்டுவார்கள். முழுத் தவணை வீடு முடிந்த பிறகுதான் தொடங்கும். விடுப்பின் நடுவில் மனுப் போட்டவர் முழுத் தவணை கட்டத் தொடங்கும்போது வேலைக்குத் திரும்பிப் பல மாதம் ஆகியிருக்கும். வங்கி பயப்படும் அந்த இடைவெளிக்கும் தவணைக்கும் சம்பந்தமே இல்லை.

மூன்றாவது காரணம் அக்கறையாக வரும்: “பிள்ளை பிறந்தா செலவு கூடுமே!” கூடும்தான். அந்தச் செலவு தகப்பனுக்கும் கூடும். மனைவி பிரசவத்துக்குப் போயிருக்கும்போது கணவர் தனியாகக் கடனுக்கு மனுப் போட்டால், “வீட்டுல விசேஷமாமே, அடுத்த வருஷம் வாங்க” என்று எந்த அதிகாரியாவது அவரைத் திருப்பி அனுப்பியதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பிள்ளையின் செலவு இருவருக்கும் பொது என்றால் கேள்வியும் பொதுவாக இருக்கட்டும்.

நான்காவது: “கொஞ்ச நாள் பொறுத்தா என்ன குறைஞ்சா போகும்?” குறையும். நல்ல மனையோ வீடோ பிரசவத் தேதி பார்த்துக்கொண்டு விலைக்கு வருவதில்லை. வந்தால் கிரய ஒப்பந்தம் போட வேண்டும், அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் மிச்சப் பணத்துக்கு மாதக்கணக்கில் கெடு எழுதியிருக்கும். கெடு தாண்டினால் அட்வான்ஸ் கைவிட்டுப் போகலாம், விற்பவர் வேறு ஆளைப் பார்க்கலாம். இதற்கிடையில் வாடகை ஓடுகிறது, சிமென்டும் கம்பியும் ஏறுகின்றன. இரண்டு பிள்ளை பெறும் அரசு ஊழியருக்கு இரண்டு முறை பன்னிரண்டு மாத விடுப்பு. ஒவ்வொரு முறையும் திரும்பிய பிறகு மூன்று மாதச் சீட்டுக்குக் காத்திருப்பு. மொத்தம் முப்பது மாதம், அதாவது இரண்டரை வருடம். அதுவும் இருபத்தைந்து முதல் முப்பத்தைந்துக்குள், கடன் வாங்க மிகவும் தோதான வயதில். ஓய்வு வயதை வைத்துக் கடன் காலத்தை வங்கி கணக்கிடும்போது, இந்தத் தாமதமும் அவள் கணக்கில் ஏறிக்கொள்கிறது. பொறுத்திருக்கச் சொல்வது ஒருவருக்கு மட்டும் என்றால், அதன் பெயர் பொறுமை அல்ல, அபராதம்.

ஐந்தாவது யோசனைதான் எல்லாவற்றிலும் விஷமமானது: “சார் பேருல போட்டுருங்க.” கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவருக்கு மாதம் 30,000, மனைவிக்கு 45,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்த வருமானத்தில் பாதியைத் தவணைக்கு ஒதுக்கலாம் என்று வங்கி கொண்டால், இருவர் சம்பளத்துக்கும் 37,500 ரூபாய்த் தவணை கட்டலாம். எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடக் கடனுக்கு லட்சத்துக்குத் தவணை ஏறத்தாழ 868 ரூபாய். அப்படியானால் 43 லட்சம் வரை கடன் கிடைக்கும். மனைவியின் சம்பளத்தை எடுத்துவிட்டால் தவணை 15,000. கடன் ஏறத்தாழ 17 லட்சம்தான். கட்ட நினைத்தது 30 லட்சத்து வீடு என்றால் 13 லட்சம் துண்டு விழும்.

அந்தத் துண்டு எங்கிருந்து வரும்? அவள் கழுத்திலிருந்து. வீட்டுக்கடன் மேசையில் “ஜாயின் பண்ணிட்டு வாங்க” என்று சொன்ன அதே வங்கியில், நாலு அடி தள்ளி நகைக்கடன் கவுன்டர் இருக்கிறது. அங்கே யாரும் அவளிடம் விடுப்பில் இருக்கிறீர்களா, திரும்பிப் போவீர்களா என்று கேட்பதில்லை. உரசிப் பார்ப்பார்கள், எடை போடுவார்கள், பணத்தைக் கொடுப்பார்கள். அவளுடைய சம்பளத்தை நம்பாத வங்கி அவளுடைய தாலிச் செயினை நம்புகிறது! அங்கேயும் போதாதது வட்டிக்காரரிடம் போகும். வங்கியின் ‘எச்சரிக்கை’ ஒரு குடும்பத்தைக் குறைந்த வட்டிக் கடனிலிருந்து கூடிய வட்டிக் கடனுக்குத் தள்ளிவிட்டதுதான் மிச்சம். குடும்பத்தின் சுமை கூடியிருக்கிறது, திருப்பிக் கட்டும் சக்தி குறைந்திருக்கிறது. இதற்குப் பெயர் ஆபத்தைத் தவிர்ப்பதா?

கடன் யார் பேரில் போகிறதோ, பத்திரமும் அநேகமாக அவர் பேரில்தான் போகும். தவணையின் பாதியை வீட்டுச் செலவாகவோ நகையாகவோ அவள் கட்டியிருப்பாள். தாளில் அவள் பேர் இராது. பழைய வருமான வரி முறையில் வீட்டுக்கடன் வட்டிக்கு உள்ள இரண்டு லட்சம் வரையிலான கழிவு, கூட்டு உரிமையாளராகவும் கூட்டுக் கடனாளியாகவும் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உண்டு, அதுவும் போயிற்று. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. 1989-ல் தமிழ்நாடு, மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் செய்தது. நாடு முழுவதும் அது வர 2005 ஆயிற்று. 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சத்துக்குட்பட்ட சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகையும் தருகிறது மாநில அரசு. பத்திரத்தில் அவள் பேர் வரட்டும் என்று சட்டம் ஒரு கையால் இழுக்க, “சார் பேருல போடுங்க” என்று ஊர் யோசனை மறு கையால் தள்ளுகிறது.

இனி வங்கி தரப்பின் வலுவான வாதத்துக்கு வருவோம். “நாங்கள் கொடுப்பது ஊரார் போட்ட டெபாசிட் பணம், எச்சரிக்கையாக இருப்பது எங்கள் கடமை.” ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்கடனில் வங்கி வெறுங்கையோடு நிற்கவில்லை. தாய்ப் பத்திரத்திலிருந்து வில்லங்கச் சான்று வரை வாங்கி, வக்கீலிடம் கருத்துக் கேட்டு, மதிப்பீடு செய்து, மூலப்பத்திரத்தைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் பணம் தருகிறது. தவணை தொண்ணூறு நாள் நின்றுபோனால் கடன் வாராக்கடன் ஆகும். அதன் பிறகு, கோர்ட்டுக்குப் போகாமலே நோட்டீஸ் கொடுத்துச் சொத்தைக் கையகப்படுத்த 2002-ம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் வழி வைத்திருக்கிறது. கூடவே கூட்டுக் கடனாளி இருக்கிறார். இவ்வளவு பாதுகாப்புக்குப் பிறகும் போதாத எச்சரிக்கை, ஒரு பெண்ணின் பிரசவத்தில் வந்துதான் நிறைவடைகிறதா?

எச்சரிக்கையை எப்படிச் செய்வது என்பதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. அமெரிக்காவில் 1970-களின் தொடக்கம் வரை, மனைவியின் சம்பளத்தைக் கணக்கில் எடுக்க வேண்டுமானால் இனிப் பிள்ளை பெறப் போவதில்லை என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்ன கடன் கொடுப்பவர்கள் இருந்தார்கள். 1974-ல் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் வந்து அதை ஒழித்தது. அதன் பிறகும் விடுப்பில் இருந்த தாய்மாரைத் திருப்பி அனுப்பியதாக வந்த புகார்களின்மேல், 2014-ல் வெல்ஸ் ஃபார்கோ வங்கி அந்நாட்டு வீட்டுவசதித் துறையோடு ஐம்பது லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அங்கே வீட்டுக்கடன்களை வாங்கி நடத்தும் ஃபேனி மே நிறுவனத்தின் விதி எளிமையானது: முதல் தவணைத் தேதிக்குள் வேலைக்குத் திரும்புவார் என்றால் வழக்கமான சம்பளத்தையே கணக்கிடு, அதற்குப் பிறகுதான் திரும்புவார் என்றால் விடுப்புக் கால வருமானத்தைக் கணக்கிட்டு, குறைவதற்குச் சேமிப்பு இருக்கிறதா என்று பார். அமெரிக்காவில் சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பை நாடு முழுவதற்கும் உறுதி செய்யும் சட்டம் இன்றுவரை இல்லை. சம்பளமில்லாத விடுப்புக்கே அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. பன்னிரண்டு மாதம் சம்பளம் தரும் தமிழ்நாட்டில் நமக்கு அந்தக் கணக்குப் போடத் தெரியவில்லை.

நம் நிறுவனங்களுக்குப் பிள்ளைப்பேறைப் பார்த்தாலே கோளாறாகத் தெரியும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. முதல் கர்ப்பத்தோடு விமானப் பணிப்பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் ஏர் இந்தியா விதியை 1981-ல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. மாதவிலக்கும் கர்ப்பமும் பற்றி எல்.ஐ.சி. வேலைப் படிவத்தில் இருந்த கேள்விகளை நீக்கச் சொல்லி 1991-ல் உத்தரவிட்டது. அதற்கெல்லாம் முப்பது ஆண்டு கழித்து, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் ‘தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள்’ என்று பணி நியமனத்துக்கு விதி போட்டது ஸ்டேட் பாங்க்; எதிர்ப்பு கிளம்பியதும் 2022 ஜனவரி இறுதியில் நிறுத்திவைத்தது. தன் சொந்த ஊழியராக வரப்போகிறவளையே இப்படிப் பார்க்கும் துறை, கடன் கேட்டு வருபவளை எப்படிப் பார்க்கும்? 2025 மே மாதம், தமிழ்நாட்டு ஆசிரியை ஒருவர் தொடுத்த உமாதேவி வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் ஓர் அங்கம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உரிமையைப் பயன்படுத்தியதற்காக ஒருவருக்குக் கதவைச் சாத்துவது அந்த உரிமையைப் பிடுங்குவதில் பாதி.

வங்கிகளுக்கென்று விதி இல்லையா என்றால், இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2003-ல் வகுத்த நியாய நடைமுறை விதிகள், கடன் கொடுப்பதில் பால், சாதி, மத அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கின்றன. 2014-ன் வாடிக்கையாளர் உரிமைச் சாசனமும் அதையே சொல்கிறது. மனுவை நிராகரித்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பதும் விதி. ஆண் எவருக்கும் வர முடியாத ஒரு விடுப்பைக் காரணமாக்கி மறுப்பது பால் பாகுபாடு இல்லாமல் வேறு என்ன? “ஜாயின் பண்ணிட்டு வாங்க” என்பது எப்போதும் வாய்ப்பேச்சாகவே வருவதன் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. மனுவை வாங்கினால் நிராகரிக்க வேண்டும். நிராகரித்தால் எழுதித் தர வேண்டும். எழுதினால் மாட்டிக்கொள்ள வேண்டும். வாங்காமலே அனுப்பிவிட்டால் தாளே இல்லை.

ஆகவே தாளை உண்டாக்குங்கள் என்பதே நான் சொல்லும் யோசனை. விடுப்பு ஆணை, விடுப்புக்கு முந்தைய மூன்று மாதச் சீட்டு, வேலைக்குத் திரும்பும் தேதியும் பதவியும் சம்பளமும் குறிப்பிட்ட அலுவலகக் கடிதம், இ.எஸ்.ஐ. வரவு தெரியும் கணக்கு விவரம் எல்லாவற்றையும் சேர்த்து மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வங்கியிலேயே புகார். முப்பது நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. கடன் தருவதும் மறுப்பதும் எங்கள் வணிக முடிவு என்று வங்கி சொல்லும், குறைதீர்ப்பாளர் திட்டத்தில் வணிக முடிவுகளுக்கு விலக்கும் உண்டு. ஆனால் மனுவை வாங்க மறுத்ததும் காரணத்தை எழுதித் தராததும் வணிக முடிவல்ல, சேவைக் குறைபாடு. அங்கே பிடியுங்கள்.

இன்னொரு ரகசிய யோசனையும் ஊரில் உலவுகிறது: “லீவுன்னு சொல்லாதீங்க, பழைய சிலிப்பைக் கொடுங்க.” இதை நான் வழிமொழிய மாட்டேன். மனுவில் உண்மையை மறைத்ததாகப் பிறகு தெரிந்தால் தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். அதோடு, மறைக்க வேண்டிய விஷயம் இதில் ஒன்றும் இல்லை.

என் வாதத்துக்கு எல்லை உண்டு. சம்பளத்தோடு கூடிய விடுப்பு முடிந்த பிறகும் ஊதியமில்லா விடுப்பை நீட்டுகிறவருக்கு, அந்த மாதங்களில் தவணைக்கு என்ன வழி என்று வங்கி கேட்கலாம், கேட்க வேண்டும். தறியிலும் பீடியிலும் வயலிலும் வேலை பார்ப்பவர்களுக்கு நடைமுறையில் விடுப்பும் கிடையாது, சீட்டும் கிடையாது. நாள்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு நலன் உண்டு என்று 2000-ல் டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியும் அது எட்டாத தெருக்கள் ஏராளம். தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் வரும் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி பிரசவத்துக்குக் கைகொடுக்கும், வங்கிக் கணக்கில் வருமானமாக நிற்காது. அவர்களுடைய வழக்கு இதைவிடப் பெரியது. ஆனால் ஆணையும் முத்திரையும் கையில் உள்ள ஆசிரியைக்கே கதவு திறக்காத வங்கியில், அவர்களுக்குத் திறக்கும் என்று எதை வைத்து நம்புவது?

கடைசியாக, யாரிடம் என்ன கேட்பது என்பது. தமிழ்நாட்டில் வங்கிகளையும் அரசையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் மாநில வங்கியாளர் குழு இருக்கிறது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அதன் ஒருங்கிணைப்பாளர். பன்னிரண்டு மாத விடுப்பை அறிவித்த அரசு, அந்த மேசையில் நான்கு வரியை வைத்தால் போதும்: சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பைப் பணிக்காலமாகவே கொள்ள வேண்டும், இ.எஸ்.ஐ. மகப்பேறு வரவை வருமானமாக ஏற்க வேண்டும். திரும்பும் தேதியைத் தவிர பிள்ளை பற்றி வேறெதுவும் கேட்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். அது வரும்வரை, நல்லெண்ணத்தோடு யோசனை சொல்லும் அண்ணாச்சிகளுக்கும் மதினிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பிள்ளைத்தாய்ச்சி கடனைப் பற்றிக் கேட்டால், “ஜாயின் பண்ணிட்டு போங்க” என்று சொல்லாதீர்கள். “மனுவைக் கொடுத்துட்டு ஒப்புகை வாங்குங்க டீச்சர்” என்று சொல்லுங்கள்.